பழைய வானொலி, கேமரா, தொலைநோக்கி: பல பொழுதுபோக்குகளை ஒருங்கே தொடர முடியுமா?

கேள்வி: மாலைநேரம்

வணக்கம். எனக்கு ஒன்றுக்கு மேற்பட்ட துறைகளில் ஈடுபாடு உண்டு. பிலிம் கேமராவில் கருப்பு வெள்ளைப் படங்கள் எடுக்கிறேன். வானம் தெளிவாக இருக்கும் இரவுகளில் சிறிய தொலைநோக்கி ஒன்றின் வழியே நிலவின் பள்ளங்களையும் வியாழனின் நான்கு பெரிய துணைக்கோள்களையும் பார்க்கிறேன். பென்சில் ஓவியம் வரைகிறேன். சிற்றலை (ஷார்ட்வேவ்) வானொலியில் தொலைதூர நிலையங்களைத் தேடிக் கேட்கிறேன். அண்மையில் இவற்றோடு பழைய மின்னணுக் கருவிகளைச் சீர்செய்யும் ஆசையும் சேர்ந்துகொண்டது. இப்போது என் மேசையில், டிரான்சிஸ்டருக்குப் பதில் வால்வு எனும் கண்ணாடிக் குழல்களால் இயங்கும் ஒரு வால்வு ரேடியோவும், ஒரு கேசட் ரெக்கார்டரும், நிமிடத்துக்கு 78 சுழற்சி வேகத்தில் ஓடும் இசைத்தட்டுகளையும் இயக்கக்கூடிய ஒரு ரெக்கார்டு பிளேயரும் இருக்கின்றன.

இவற்றில் எதையும் நான் பெயருக்காகச் செய்யவில்லை. ஆனாலும் ஒன்றில் ஈடுபட்டிருக்கும்போது மற்றொன்று அரைகுறையாகக் கிடக்கிறதே என்ற எண்ணம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. "பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்" என்று நெருங்கியவர்கள் சொல்லும்போது என்னிடம் விடை இல்லை.

எனவே இரண்டு கேள்விகளை முன்வைக்கிறேன். முதலாவது, பழைய மின்னணுக் கருவிகளைப் போன்ற ஆழமான ஒரு துறையை மற்ற பொழுதுபோக்குகளோடு சேர்த்து நேர்மையாகத் தொடர முடியுமா, அல்லது ஏதேனும் ஒன்றைத் தேர்ந்துகொண்டு மற்றவற்றை விட்டுவிட வேண்டுமா? இரண்டாவது, அந்த வால்வு ரேடியோ பல பத்தாண்டுகளாக மின்சாரமே காணாமல் இருந்தது. எனக்கு அடிப்படைச் சால்டரிங் தெரியும். மல்டிமீட்டர் பயன்படுத்தத் தெரியும். அதன் வேலையை எங்கிருந்து தொடங்குவது?


மறுமொழி: வால்வு வெளிச்சம்

வணக்கம். இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை சொல்கிறேன், ஏனெனில் அதில் உயிராபத்து கலந்திருக்கிறது. அந்த வானொலியைத் தயவுசெய்து நேரடியாக மின் இணைப்பில் செருகிப் பார்க்காதீர்கள். ஒரு நொடி இயக்கிப் பார்த்துவிடலாம் என்ற ஆவலால்தான் பல நல்ல கருவிகள் மீட்க முடியாதபடி கெட்டுப்போகின்றன.

வால்வு ரேடியோவில் வால்வுகளே முதலில் பழுதாகும் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் வால்வுகள் பெரும்பாலும் நல்ல நிலையில்தான் இருக்கும். காலத்திற்குத் தாக்குப்பிடிக்காதவை, மின்னேற்றத்தைத் தேக்கிவைக்கும் மின்தேக்கிகள் (கெப்பாசிட்டர்கள்). மெழுகு தோய்த்த காகித மின்தேக்கிகள் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு மின்சாரத்தைக் கசியவிடும். மின்வழங்கிப் பகுதியில் இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் மின்தேக்கிகள் உள்ளே உலர்ந்து கொள்ளளவை இழந்திருக்கும், அல்லது குறுக்குச்சுற்றாகி மாறுமின்னை நேர்மின்னாக மாற்றும் ரெக்டிபையர் வால்வையும் மின்மாற்றியையும் சேர்த்து எரித்துவிடும்.

இவற்றுள் ஒரே ஒரு மின்தேக்கியைத் தனியே குறிப்பிட வேண்டும். ஒலிப் பகுதியின் முதல் வால்வினுடைய ஆனோடு என்ற வெளியீட்டு முனையிலிருந்து வெளியீட்டு வால்வின் கிரிடு என்ற கட்டுப்பாட்டு முனைக்குச் செல்லும் இணைப்பு மின்தேக்கி அது. அதன் வேலை மாறுமின் (ஏ.சி.) ஒலிச் சைகையை மட்டும் கடத்தி, நேர்மின்னழுத்தத்தை (டி.சி.) தடுத்து நிறுத்துவது. அது சற்றே கசிந்தாலும் கிரிடில் நேர்மின்னழுத்தம் ஏறிவிடும். வெளியீட்டு வால்வு அளவுக்கு மீறிய மின்னோட்டத்தை இழுத்துச் சூடாகும். இறுதியில் ஒலிபெருக்கிக்கு முன்னுள்ள வெளியீட்டு மின்மாற்றியின் கம்பிச் சுற்று அறுந்துபோகும். மிகச் சிறிய ஒரு உறுப்பு மாற்றப்படாததால், கிடைப்பதற்கு மிக அரிதான இரண்டு உறுப்புகள் போய்விடுகின்றன. மற்ற எதையும் மாற்றாவிட்டாலும் இதை மாற்றாமல் மின்சாரம் கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஆகவே முதல் வேலை மின்சாரமே இல்லாமல் நடக்க வேண்டும். பின்மூடியைக் கழற்றி, தூசியை மென்மையான தூரிகையால் அகற்றி, மின்கம்பியின் உறை வெடித்திருக்கிறதா, எலி கடித்திருக்கிறதா என்று பாருங்கள். மல்டிமீட்டரால் மின்மாற்றியின் சுற்றுகளும் வெளியீட்டு மின்மாற்றியின் முதன்மைச் சுற்றும் அறுந்திருக்கவில்லை என்பதை உறுதிசெய்யுங்கள். உறுப்புகள் பொருத்தப்பட்ட உலோகச் சட்டமான சேஸிஸின் அடிப்பக்கத்தை எல்லாக் கோணங்களிலும் படம் எடுங்கள்; பிலிம் படம் எடுப்பவரான உங்களுக்கு நிழல் விழாமல் படம் எடுக்கத் தனியே கற்றுத்தர வேண்டியதில்லை. பின்னர் காகித மின்தேக்கிகளை ஒவ்வொன்றாக, ஒன்றைக் கழற்றியதும் அதற்கான புதியதை வைத்துவிட்டு, பாலியெஸ்டர் அல்லது பாலிபுரொப்பிலீன் வகையால் மாற்றுங்கள். மின்னழுத்தத் தாங்குதிறன் பழையதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்க வேண்டும். மின்வழங்கியின் எலக்ட்ரோலிட்டிக் மின்தேக்கிக்கு மட்டும் இன்னொரு எச்சரிக்கை உண்டு: வால்வு ரெக்டிபையர் உள்ள கருவியில், பெரியதாக இருந்தால் நல்லதுதானே என்று கொள்ளளவைப் பல மடங்கு உயர்த்தக் கூடாது. ஒவ்வொரு முறையும் அதை நிரப்பப் பாயும் மின்னோட்டத்தை ரெக்டிபையர் வால்வு தாங்காது.

இவை முடிந்தபின், 40 அல்லது 60 வாட் இழை பல்பு ஒன்றைத் தொடரில் இணைத்து, அதாவது சீரிஸ் லேம்ப் வழியாக, மின்சாரம் கொடுங்கள். பல்பு தொடக்கத்தில் பளிச்சென்று எரிந்து பின் மங்கினால் நிலைமை சீராக இருக்கிறது என்று கொள்ளலாம். முழு வெளிச்சத்திலேயே நின்றால் உள்ளே எங்கோ குறுக்குச்சுற்று இருக்கிறது, உடனே அணைத்துவிட வேண்டும். எல்.இ.டி. பல்பு இந்த வேலைக்கு உதவாது, ஏனெனில் இழையின் தடை சூட்டில் உயரும் தன்மையே இங்கே பாதுகாப்பாகிறது.

வால்வு ரேடியோவுக்குள் 250 வோல்ட் அளவுக்கு நேர்மின்னழுத்தம் இருக்கும். அணைத்த பின்னும் மின்தேக்கிகளில் அது தங்கும். ஒரு மின்தடை வழியாக அதை வடியவிட்டு, மீட்டரில் அளந்து பார்த்த பிறகே கையை உள்ளே கொண்டுபோக வேண்டும். மின்மாற்றி இல்லாத ஏ.சி./டி.சி. வகை வானொலிகள் இதைவிட ஆபத்தானவை. அவற்றில் மின்சார வழியின் ஒரு முனை சேஸிஸோடு நேரே இணைந்திருப்பதால், திருகுகுமிழின் சிறு ஆணியைத் தொட்டால்கூட மின்சாரம் தாக்கலாம். உங்களுடையது அந்த வகையாக இருந்தால் கருவியை மின்சார வழியிலிருந்து பிரித்துவைக்கும் தனிமைப்படுத்தும் மின்மாற்றி இல்லாமல் மேசையில் வைத்து வேலை செய்ய வேண்டாம்.

அழகு சார்ந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நிலையங்களின் பெயர் எழுதிய கண்ணாடியின் பின்பக்கத்தை எந்தத் திரவத்தாலும் துடைக்காதீர்கள். எழுத்துகள் பெரும்பாலும் அந்தப் பக்கத்தில்தான் அச்சாகியிருக்கும். ஈரத் துணி பட்டால் உரிந்து வந்துவிடும். அதேபோல ஐ.எஃப். (இடைநிலை அலைவெண்) டிரான்ஸ்பார்மர்களின் திருகுகளையும் காரணமின்றித் திருப்பாதீர்கள். அவை பெரும்பாலான கருவிகளில் 455 கிலோஹெர்ட்ஸ் அல்லது அதற்கு அண்மையான அலைவெண்ணுக்கு இசைவிக்கப்பட்டவை. சைகை உருவாக்கும் கருவி இல்லாமல் அந்த இசைவைத் திரும்பப் பெறுவது கடினம்.

உங்கள் முதல் கேள்விக்கு என் விடை சுருக்கமானது. இந்தத் துறையில் பாதி நேரம் காத்திருப்பதிலேயே கழிகிறது. உறுப்பு வர வேண்டும், சுற்று வரைபடம் கிடைக்க வேண்டும், விளங்காத ஒரு பழுதைச் சிந்தித்துத் தெளிய வேண்டும். வேறு பொழுதுபோக்கு இல்லாதவர்களே அந்தக் காத்திருப்பைப் பொறுக்காமல் அவசரப்பட்டுக் கருவியைக் கெடுக்கிறார்கள். உங்களுக்கு வரைபலகையும் தொலைநோக்கியும் இருப்பது அந்த வானொலிக்கு நல்லது. பழமொழியில் வரும் தச்சன் மரங்களைப் பார்த்துக்கொண்டு நிற்பவன். நீங்கள் ஏற்கெனவே வெட்டத் தொடங்கிவிட்டவர்.


மறுமொழி: விண்மீன் குறிப்பேடு

முந்தைய நண்பர் வானொலியை விரிவாக விளக்கிவிட்டார். நீங்கள் தனித்தனியாக எண்ணுகிற துறைகள் உண்மையில் எவ்வளவு நெருங்கியவை என்பதைப் பற்றி மட்டும் நான் எழுத விரும்புகிறேன். சிற்றலை கேட்பதும், வானத்தைப் பார்ப்பதும், பென்சிலால் வரைவதும் ஒரே பொருளில் வந்து சந்திக்கின்றன. அந்தப் பொருள் சூரியன்.

சிற்றலைகள் தொலைதூரம் செல்வதற்குக் காரணம், வளிமண்டலத்தின் மேற்பகுதியில் சூரியக் கதிர்களால் உருவாகும் அயனி மண்டலம். அதன் கீழடுக்கான டி அடுக்கு பகலில் மத்திய அலையையும் சிற்றலையின் தாழ்ந்த அலைவரிசைகளையும் உறிஞ்சிவிடும். இரவில் அது மறைந்துவிடுவதால்தான் பகலில் கேட்காத நிலையங்கள் இருட்டியபின் கேட்கின்றன. மேலே உள்ள எஃப் அடுக்கு அலைகளைத் திருப்பி அனுப்புகிறது. சூரியனில் கரும்புள்ளிகள் மிகும் ஆண்டுகளில் இந்த அடுக்கு வலுப்பெற்று, 16 மீட்டர், 13 மீட்டர் போன்ற, அலைநீளம் குறைந்து அலைவெண் உயர்ந்த அலைவரிசைகளிலும் தொலைதூர நிலையங்கள் தெளிவாகக் கிடைக்கும். புள்ளிகள் குறையும் ஆண்டுகளில் அவை வெறிச்சோடிவிடும். இந்த ஏற்றத்தாழ்வு ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை சுழல்கிறது. தற்போதைய 25ஆம் சுழற்சி 2019 டிசம்பரில் தொடங்கியது.

சிறிய ஒளிவிலகல் தொலைநோக்கியால் சூரியனின் பிம்பத்தை ஒரு வெள்ளைத் தாளில் விழச்செய்து, தெரியும் புள்ளிகளைப் பென்சிலால் குறிக்கலாம். தொலைநோக்கிக்குள் எக்காரணம் கொண்டும் கண்ணை வைத்துப் பார்க்கக் கூடாது. பக்கத்தில் பொருத்தியிருக்கும் சிறிய தேடுநோக்கியை மூடிவைக்க வேண்டும். பிளாஸ்டிக் பாகங்கள் உள்ள கண்வில்லையைப் பயன்படுத்தினால் அது உருகிவிடும். சூரியனை நோக்கித் திருப்பிய தொலைநோக்கியை ஒரு கணமும் தனியே விட்டுச் செல்லக் கூடாது. இவற்றைக் கடைப்பிடித்து நாள்தோறும் ஒரு வட்டம் வரைந்து, அதே பக்கத்தில் அன்று எந்த அலைவரிசையில் எந்த நிலையம் எவ்வளவு தெளிவாகக் கேட்டது என்பதையும் எழுதிவந்தால், மூன்று பொழுதுபோக்குகளும் ஒரே குறிப்பேட்டில் அடங்கிவிடும். சீர்செய்த வால்வு ரேடியோவில் சிற்றலை இருந்தால் நான்காவதும் சேரும்.

கரும்புள்ளிச் சுழற்சியைக் கண்டறிந்தவரும் தொழில்முறை வானியலாளராகத் தொடங்கியவர் அல்லர் என்பதை நினைக்கும்போது எனக்கு மிகுந்த ஊக்கம் பிறக்கிறது. ஜெர்மனியைச் சேர்ந்த ஹைன்ரிச் ஸ்வாபே மருந்துக்கடை நடத்திய குடும்பத்தவர். புதனுக்கும் உள்ளே ஒரு கோள் இருக்கக்கூடும் என்று கருதி, 1826 முதல் சூரியனைத் தொடர்ந்து பார்த்துவந்தார். தேடிய கோள் கிடைக்கவில்லை. ஆனால் புள்ளிகளின் எண்ணிக்கை ஒழுங்காக ஏறி இறங்குவதை 1843இல் கண்டு எழுதினார். இன்னொருவர் அமெரிக்காவின் குரோட் ரீபர். வானொலிப் பொறியாளராகவும் அமெச்சூர் வானொலியாளராகவும் இருந்த அவர், விண்வெளியிலிருந்து வரும் வானொலி இரைச்சலைக் கார்ல் ஜான்ஸ்கி கண்டறிந்ததைப் படித்துவிட்டு, 1937இல் தம் வீட்டுப் பின்புறத்தில் 9 மீட்டருக்கும் மேல் விட்டமுள்ள கிண்ண வடிவ ஆண்டெனா ஒன்றைத் தாமே கட்டினார். முதலில் தேர்ந்த 3300 மெகாஹெர்ட்ஸில் எதுவும் கிடைக்கவில்லை. 900 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவெண்ணிலும் கிடைக்கவில்லை. 160 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கிய பிறகே பால்வெளியின் ஒலி அவருக்குக் கிடைத்தது. வானொலி மட்டும் தெரிந்தவருக்கு வானத்தை நோக்கும் எண்ணம் வந்திருக்காது. வானம் மட்டும் தெரிந்தவருக்கு அந்த அலைவாங்கியைக் கட்டத் தெரிந்திருக்காது. எதையும் விட்டுவிடாதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.


மறுமொழி: ஒரே மேசை

மேலே இருவரும் கூறியவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனாலும் ஒரு மாற்றுக் கருத்தைப் பதிவுசெய்வது என் கடமை என்று நினைக்கிறேன். எல்லாப் பொழுதுபோக்குகளையும் ஒரே தன்மையுடையவையாகக் கருதி நேரத்தைப் பங்கிடக் கூடாது.

ஓவியத்தை எந்தக் கோட்டிலும் நிறுத்தலாம். ஒரு மாதம் கழித்து அதே கோட்டிலிருந்து தொடரலாம். தொலைநோக்கியை மூடி வைத்தால் வானம் ஒன்றும் குறைந்துவிடாது. திறந்த சேஸிஸ் அப்படிப்பட்டதன்று. எந்தக் கம்பி எங்கிருந்து கழற்றப்பட்டது என்பது சில நாட்களிலேயே நினைவிலிருந்து நழுவிவிடும். கழற்றிய திருகுகள் இடம் மாறும். எந்த மின்தேக்கியை வடியவிட்டோம் என்பதில் ஐயம் வரும். மின்னழுத்தம் உள்ள கருவியில் ஐயத்தோடு கைவைப்பதுதான் விபத்தின் தொடக்கம். ஆகவே மற்ற பொழுதுபோக்குகளுக்கு மீதமாகும் நேரத்தைக் கொடுங்கள். இதற்கு மட்டும் களைப்பில்லாத, இடையூறில்லாத நேரத்தை முன்கூட்டியே ஒதுக்குங்கள். இரவு வெகுநேரம் வானம் பார்த்த மறுநாள் காலையில் மின்சாரம் பாயும் கருவியைத் தொடாதீர்கள்.

ஒரு நேரத்தில் ஒரே கருவிதான் திறந்திருக்க வேண்டும் என்பதையும் வலியுறுத்துகிறேன். எழுந்திருக்கும் முன், என்ன செய்யப்பட்டது, அடுத்துச் செய்ய வேண்டியது என்ன என்று ஒரு தாளில் எழுதிக் கருவிக்குள்ளேயே வைத்துவிடுங்கள். அரைகுறையாகக் கிடக்கிறது என்று உங்களை உறுத்துவது, வேலை முடியாததால் அன்று, எங்கே நிற்கிறது என்று தெரியாததால்தான். நின்ற இடம் எழுதப்பட்டிருந்தால் ஒரு கருவி பல மாதங்கள் காத்திருப்பதில் எந்தக் குறையும் இல்லை.

வாங்குவதும் சீர்செய்வதும் இருவேறு பொழுதுபோக்குகள். திறந்த கருவி மூடப்படும் வரை புதிதாக எதையும் வாங்காமலிருப்பது நல்லது. பழைய தொலைக்காட்சிப் பெட்டி கிடைத்தாலும் இப்போதைக்கு வேண்டாம். வண்ணப் படக்குழாயில் 20,000 வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்னழுத்தம் இருக்கும். உங்கள் கேமராவின் மின்னணுப் பிளாஷிலும் 300 வோல்ட் அளவுக்குத் தேக்கப்படுகிறது என்பதை, அதைத் திறக்க நினைக்கும் நாளில் மறந்துவிடாதீர்கள்.


மறுமொழி: மாலைநேரம்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. வானொலி ஏ.சி./டி.சி. வகை அன்று, உள்ளே மின்மாற்றி இருக்கிறது. அதன் சுற்றுகளை அளந்தேன், எதுவும் அறுந்திருக்கவில்லை. மின்தேக்கிகளின் மதிப்புகளைப் பட்டியலிட்டு வருகிறேன். சூரியப் புள்ளிகளையும் நிலையங்களையும் ஒரே பக்கத்தில் எழுதும் யோசனை என்னை மிகவும் கவர்ந்தது. அதை உடனே தொடங்கப்போகிறேன்.

ஒரு கருவி மட்டுமே திறந்திருக்க வேண்டும் என்ற அறிவுரையை ஏற்கிறேன். ஆனால் மின்தேக்கிகள் வந்துசேரும் வரை வானொலியை மூடி வைத்துவிட்டு, கேசட் ரெக்கார்டரிலோ ரெக்கார்டு பிளேயரிலோ ஏதேனும் செய்யலாமா? ரெக்கார்டரில் மோட்டார் சுழலும் ஓசை கேட்கிறது, நாடா நகரவில்லை. ரெக்கார்டு பிளேயர் சுழல்கிறது, ஆனால் வேகம் சரியாக இருக்கிறதா என்று தெரியவில்லை.


மறுமொழி: வால்வு வெளிச்சம்

தாராளமாகச் செய்யலாம். காத்திருக்கும் காலத்திற்குக் கேசட் ரெக்கார்டர் மிகப் பொருத்தமான வேலை. மோட்டார் சுழன்றும் நாடா நகராவிட்டால், பெரும்பாலும் ரப்பர் பெல்ட் அறுந்திருக்கும் அல்லது உருகிக் கருப்பான பசையாகியிருக்கும். அந்தப் பசையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த பஞ்சால் கப்பிகளின் பள்ளங்களிலிருந்து முற்றிலும் நீக்க வேண்டும். சிறிது தங்கினாலும் நாடா அதிர்ந்து நகரும். கப்பிகள் வழியே ஒரு நூலைச் சுற்றி நீளத்தை அளந்து, அதைவிடச் சற்றுச் சிறிய பெல்ட்டை வாங்குங்கள். அதே திரவத்தால் ஒலித் தலையையும் உலோகத் தண்டையும் துடையுங்கள்; நாடாவை அழுத்தும் ரப்பர் உருளையை அதிகம் நனைக்காதீர்கள். நாடாவின் வேகம் வினாடிக்கு 4.76 செ.மீ. இருக்க வேண்டும். பல கருவிகளில் மோட்டாரின் பின்புறத் துளைக்குள் இருக்கும் சிறு திருகால் இதைச் சரிசெய்யலாம். 3000 ஹெர்ட்ஸ் ஒலி பதிந்த சோதனை நாடாவை ஓட்டி, கைபேசியில் அலைவெண் காட்டும் செயலியைப் பார்த்தபடி திருப்பினால் போதும்.

ரெக்கார்டு பிளேயரின் வேகத்தை அறிய ஸ்ட்ரோப் தட்டு என்ற கோடிட்ட வட்டத்தைப் பயன்படுத்துங்கள். வரையத் தெரிந்த நீங்கள் அதை உங்கள் கையாலேயே செய்துகொள்ளலாம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் விளக்கு வினாடிக்கு 100 முறை துடிப்பதால், நிமிடத்துக்கு 33⅓ சுழற்சி வேகத்திற்கு 180 கோடுகளைச் சம இடைவெளியில் வரைய வேண்டும். 60 ஹெர்ட்ஸ் என்றால் 216. வேகம் சரியாக இருந்தால் கோடுகள் நின்றுவிட்டதுபோல் தோன்றும். துடிப்பே இல்லாத எல்.இ.டி. விளக்கில் இது தெரியாது.

78 சுழற்சித் தட்டுகளுக்கு மைக்ரோகுரூவ் எனப்படும் நுண்பள்ளத் தட்டுகளின் (நீண்டநேரத் தட்டுகள் போன்றவை) ஊசியைப் பயன்படுத்தாதீர்கள். 78 சுழற்சித் தட்டுகளின் பள்ளம் அகலமானது. 65 முதல் 75 மைக்ரான் முனையுள்ள ஊசி வேண்டும். நீண்டநேரத் தட்டின் மெல்லிய ஊசி பள்ளத்தின் அடியில் உரசி இரைச்சலையே அதிகம் தரும். அரக்கினால் ஆன அந்தத் தட்டுகளை ஆல்கஹாலால் துடைத்தால் மேற்பரப்பே கரைந்துவிடும் என்பதால், கேசட்டுக்குப் பயன்படுத்திய புட்டியை அங்கே கொண்டுபோக வேண்டாம்.

மின்தேக்கிப் பட்டியல் முடிந்ததும் மதிப்பு, மின்னழுத்தம், சுற்றில் இருக்கும் இடம் ஆகிய மூன்றையும் இங்கே எழுதுங்கள். வாங்கும் முன் ஒருமுறை சேர்ந்து சரிபார்த்துவிடுவோம்.